கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி

"இன்னொரு தடவை போடுங்க!"

டிரைவர் இருபத்தேழாவது முறையாகத் தன் கையெழுத்தைப் போட்டார். வெள்ளைத்தாளில் இனி இடமில்லை.

மணி நாலு இருபது.

ஐந்து மணிக்குள், அவர் பேங்க் கணக்கிலிருந்து மாதத் தவணை பிடிக்கும் படிவம் சரியாகாவிட்டால் வீட்டுக்கடன் ஃபைலையே மூடிவிடுவார்கள். மூடினால், அவர்கள் வாங்கப் பார்த்துவைத்த அந்த இரண்டு அறை வீடு நாளைக் காலையில் வேறு ஆளுக்கு.

படிவம் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. பேங்கில் இருக்கும் கையெழுத்தோடு பொருந்தவில்லையாம். கடன் வாங்கித் தர விளம்பரம் பார்த்துப் பிடித்த பெரிய கம்பெனிக்காரன் அதற்குமேல் போனையே எடுக்கவில்லை. கடைசியில் அடுத்த தெருவிலேயே, தையல்கடை மாடியில் அகப்பட்டார் இந்த லோன் புரோக்கர். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி.

"ஸ்டியரிங் பிடிச்ச கை சார். பேனாவைக் கொடுத்தா கியர் தேடும்" என்றாள் டிரைவரின் மனைவி.

வந்ததிலிருந்து எல்லாக் கேள்விக்கும் அவள்தான் பதில். வீட்டிலும் அப்படித்தான். பத்தொன்பது வருடமாக பேங்க், சிலிண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் பொறுப்பு. டிரைவர் பேங்க் வாசலை மிதித்ததில்லை. கார்டைச் சொருகினால் மெஷின் பணம் துப்பும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

புரோக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில பேங்குக்கே போயிட்டு வந்தேன். அக்கவுண்ட் தொடங்கினப்ப நீங்க போட்ட கையெழுத்தைக் கண்ணால பார்த்தேன். அடியில ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி."

"நான் ஜென்மத்துல புள்ளி வச்சதில்லையே!"

மனைவி மின்விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தாள்.

எவனாவது தன் பெயரில் புகுந்துவிட்டானா என்று டிரைவருக்குச் சந்தேகம். வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக் கேட்டுச் சலித்தவள் இவள். வீடு கைநழுவினால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது?

புரோக்கர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். கடனில் கூட்டாளியாகச் சேருபவர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை மனைவியின் பக்கம் தள்ளினார்.

"நீங்க போடுங்கம்மா. உங்க பேரைத்தான்."

அவள் பேனாவை எடுத்தாள். பெயர். அடியில் ஒரு கோடு.

பேனா அங்கேயே நின்றது.

பிறகு, தப்ப வழியில்லாமல், ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொரு புள்ளி.

டிரைவர் தாளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

புரோக்கர் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு, தயாராக வைத்திருந்த ஒரு படிவத்தை நீட்டினார். "பேங்க்ல சாரோட புதுக் கையெழுத்தைப் பதியணும். அடையாள அட்டையோட நேர்ல போங்க, மேனேஜர்கிட்ட பேசிட்டேன். பத்து நிமிஷ வேலை. ஓடுங்க!"

ஓடினார்கள். படி திரும்பும் இடத்தில் டிரைவர் சட்டென்று நின்றார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கல்யாணமான மறுவாரம். சம்பள அக்கவுண்ட் ஃபாரத்தை மறுநாளே பஸ் டிப்போவுல கொடுக்கணும்னு சொன்னீங்க" என்றாள், மூச்சு வாங்க. "டபுள் டூட்டி முடிச்சு வந்து, ஒரு கால்ல ஷூவோட அப்படியே தூங்கிட்டீங்க. உங்க கையெழுத்தை நானே போட்டு, கவரை ஒட்டி, உங்க பையில வச்சுட்டேன்."

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் கையை வைத்தவள், எடுக்கவில்லை.

"எழுப்ப மனசு வரலைங்க."