மேல்வீட்டுப் புகார்

“தம்பி, திரும்பவும் புகார் வந்திருக்கு. இனிச் சமையல் மணம் வந்தால் நீர் அறையை விட வேணும்,” என்றார் வீட்டுக்காரர் சிவராசா.

கனடாவின் மொன்றியலில் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. இப்போது ஹரிபிரசாத்துக்கு வேறு அறை கிடைக்காது.

“மேல்வீட்டு வெள்ளைக்காரங்கதானே அங்கிள்? நம்ம சாப்பாடுன்னா அவங்களுக்கு இளக்காரம்.”

“ஆரெண்டு நான் சொல்லேலாது. கடிதத்தை நீரே வாசியும்.”

பிழையில்லாத பிரெஞ்சு. தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சை வைத்து ஹரி வாசித்தான். செவ்வாய்க்கிழமை நெத்திலிக் கருவாடு. வியாழக்கிழமை சுண்டைக்காய் வத்தக்குழம்பு.

வாசனையை வைத்தே நெத்திலி என்று கண்டுபிடிக்கும் வெள்ளைக்காரர் யார்?

மாடிக்கு ஓடிக் கதவை இடித்தான். ஒரு பெண் திறந்தாள்.

“நீங்க தமிழா?”

“ஆமா, நாகப்பட்டினம். பிஎச்.டி. அஞ்சாவது வருஷம்.”

“நம்ம ஊர்க்காரனைப் பனியில நிறுத்தப் பாக்குறீங்களே, வெக்கமா இல்ல?”

“இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கணும். அதுவரைக்கும் பாஸ்தா தின்னுங்க. மீறினா மறுபடியும் எழுதுவேன்.”

“கருவாடு வாசம் அவ்வளவு நாறுதா உங்களுக்கு?”

“நாறினா ஜன்னலைத் திறந்துட்டுப் படிச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் எங்க அம்மா சமைக்கிற மாதிரியே இருக்கு. ரெண்டு தடவை ஊருக்கு டிக்கெட் எடுத்து, ரெண்டு தடவையும் கேன்சல் பண்ணிட்டேன். இன்னொரு தடவை எடுத்தா, போயிடுவேன்.”

அவன் முகத்தில் படாத குறையாகக் கதவைச் சாத்தினாள்.