டிக்கி மூடியில் எழுந்த மேடுகள்

ஒரு பூச்சு அடித்தால் காரின் தகடு பத்து வருஷத்துக்கு முந்தைய வடிவத்துக்குத் தானாகவே திரும்பிவிடும். அந்த மருந்து வந்த பிறகு நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் மரகதம் சுத்தியலைத் தொட்டதே இல்லை.

ஜெயசீலன் சரிசெய்ய விட்டுப்போன பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் மூன்றாவது பூச்சு காய்ந்ததும், டிக்கி மூடியில் இரண்டு மேடுகள் எழுந்தன. உள்ளிருந்து தள்ளிய உள்ளங்கைகள்.

அவனை வரவழைத்துக் காட்டினாள்.

"முப்பது வருஷத்துக்கு முந்தி இத யாருங்க ஓட்டுனது?"

"அப்பாதாங்க. யாரையும் தொடவே விடமாட்டாரு. எங்கம்மா வீட்ட விட்டு ஓடிப்போன வருஷம்..."

"இன்னொரு பூச்சு அடிச்சா இதுவும் மறைஞ்சுருங்க," என்றாள் மரகதம், பிரஷ்ஷை எடுக்காமலே.

ஜெயசீலன் டிக்கிக்குள் குனிந்து, மூடியின் உட்புறக் குழிகளில் தன் கைகளைப் பொருத்தினான். அவை அவனுக்குச் சிறியவை. ஒரு விரல் தடத்தின் அடியில், மோதிரம் அழுத்திய கோடு தட்டுப்பட்டது.