சொல்துணை

காதில் சொல்துணைக் கருவி இல்லாமல் இப்போதெல்லாம் ஆணோ பெண்ணோ முதல் சந்திப்புக்கு வருவதில்லை. என்ன பேசுவதென்று அது முணுமுணுப்பதைத் திருப்பிச் சொன்னால் போதும். இப்படி அழகாகப் பேசும் ஆண்களைக் கேட்டுக் கேட்டுக் கோகிலவாணிக்குச் சலித்துவிட்டது. இன்று பார்க்கப்போகிறவனும் அப்படியே என்றால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்ற முடிவோடுதான் அந்தக் கோயமுத்தூர் பேக்கரிக்கு வந்திருந்தாள்.

எதிரில் உட்கார்ந்திருந்த திருமூர்த்திக்கு வியர்த்துக்கொட்டியது. காதைத் தொட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னான்: “அவர் கண்களைப் பாராட்டவும். பிறகு லேசாகச் சிரிக்கவும்.”

சொன்ன பிறகுதான், அது தனக்கான குறிப்பு என்று அவனுக்கு உறைத்தது. கோகிலவாணி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

“சிரிக்க மறந்துட்டீங்களே!”

“மன்னிச்சுக்கோங்க. இது நமக்கு வரலைங்க.”

சொல்துணையைக் கழற்றிச் சாஸரில் வைத்தான். அப்புறம் தட்டிலிருந்த பன்னைப் பிட்டு வாயில் போட்டு வெகுநேரம் மென்றான். அழகாகப் பேச அவன் முயலாதது அவளுக்கு இதமாக இருந்தது.

“ஏனுங்க,” என்றான் கடைசியில், “இந்தத் தேங்காய் பன்னு காஞ்சு கெடக்குதுங்களா, இல்ல எனக்கு மட்டுந்தானா?”

“காஞ்சுதானுங்க கெடக்குது! நானும் அப்பப் புடிச்சுச் சொல்லோணும்னு இருந்தேன்.”

அவளும் தன்னுடையதைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். கேட்க ஆளில்லாத சாஸரில் அவை இரண்டும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டிருக்க, இவர்கள் சூடாக வேறு பன் கேட்டார்கள்.