துவெந்தே

விடிந்தால் கல்லூரிப் பாட்டுப் போட்டி. மூன்று வருடமாக முதல் சுற்றிலேயே வெளியேறும் மதியரசு அறையில் பாடிப் பழகிக்கொண்டிருந்தான். அறைத்தோழன் ஆல்வினுக்கு ஸ்பானிஷ் பரீட்சை.

"மச்சி, 'துவெந்தே'ன்னு ஒரு வார்த்தை. மொதல்ல வீட்டு ஓனர்னு அர்த்தமாம். அப்புறம் வீட்டுப் பேயாம். கடைசில, பாடுறவனுக்குள்ள எறங்குற ஏதோ ஒண்ணாம்."

"நம்ம ஓனரு எறங்குனா மொதல்ல மோட்டரைத்தான்டா நிறுத்துவாரு."

சுருதி விலகினால் மாடியிலிருந்து கைத்தடியால் தரையைத் தட்டுவது ஓனரின் வழக்கம். போன மாதம் இறந்துபோனார். மாடி பூட்டிக் கிடக்கிறது.

மதியரசு மறுபடி பாடினான். சுருதி விலகியது. மேலே தட்டும் சத்தம்.

"ஓடிரலாம்டா," என்றான் ஆல்வின்.

மதியரசு கண்ணை மூடி அதே வரியைத் திருத்திப் பாடினான். தட்டல் நின்றது. பிறகு மெதுவாக, மேலே யாரோ தாளம் போடத் தொடங்கினார்.

வாசலுக்குப் பாய்ந்த ஆல்வினை முந்திப் போய், பாட்டை நிறுத்தாமலே கதவை உள்பக்கமாகத் தாழிட்டான் மதியரசு.