முதல் நகல்

தாவர வைரஸ் ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு தக்காளித் தொட்டிகளுக்கும் சீட்டு எழுதி ஒட்டியவள் நான்தான். செவ்வாய்க்கிழமை காலை இருபத்தைந்து இருந்தன. கூடுதல் தொட்டியின் சீட்டிலும் என் கையெழுத்தே; ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது.

"வைரஸ் புத்தி அதானேம்மா," என்று அந்தச் சீட்டைப் பார்த்து மேற்பார்வையாளர் சிரித்தார். "செல்லுக்குள்ள நுழைஞ்சதும் தன் ஆர்என்ஏவுக்கு எதிர்நகல் ஒண்ணு எடுக்கும். அப்புறம் அதை வச்சு அசல் மாதிரியே அடிச்சுத் தள்ளும். யாரோ உங்களைக் கலாய்க்கிறாங்க."

அந்தத் தொட்டியை எரித்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் மகளின் பின்னல் கோணியிருந்தது. "நீதானே காலையில இடது கையால பின்னிவிட்டே?" என்றாள். அவள் எழுமுன்பே நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். கோணலாகப் பின்னிவிட்ட அப்பாவைக் காப்பாற்றப் புளுகுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை முப்பத்தொரு தொட்டிகள் இருந்தன. எல்லாச் சீட்டிலும் எழுத்து நேராக இருந்தது. நான் அடித்துத் திருத்திய தேதிகூட அப்படியே இருந்தது.

மாலையில் வீட்டுக் கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். பின்னல் கச்சிதமாக இருந்தது. என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. உள்ளே திரும்பி, "அம்மா, இன்னொரு அம்மாவும் வந்தாச்சு!" என்றாள்.

"வரச் சொல்லு," என்று என் குரலில் நாலைந்து பேர் சொன்னார்கள்.