இரண்டு பாஷையிலும் ஒரு சத்தியம்

"இந்தத் தோட்டத்துல ஒரு கஞ்சாச் செடி மொளைக்க விடமாட்டேன்! மருந்துன்னு சொல்லிக்கிட்டு வந்தாலும் விடமாட்டேன்!"

வேட்பாளர் கிருஷ்ணராஜ் மைக்கைப் பிடித்து முழங்கினார். ரப்பர் பால் நிறுக்கும் மடுவத்தின் முன் கூடியிருந்த சனம் கைதட்டியது.

ரெஜினோல்ட் தட்டவில்லை. முப்பது வருடம் தோட்டத் தலைவராக இருந்தவர். கள்ளச்சாராயம் காய்ச்சிய கசிப்புப் பானைகளை உடைத்தவர், தோட்டத்துத் துரையின் முகத்துக்கு நேரே கை நீட்டிப் பேசியவர். பொய்யை வாசனையிலேயே பிடித்துவிடுவார்.

அன்றைக்கு மனசும் சரியில்லை. மனைவி லூர்தம்மாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். நாட்டு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தயா கொடுத்த குளிகை தீர்ந்ததிலிருந்து வலியில் கண் மூடவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுப் போனால், "எலக்ஷன் முடியட்டும்" என்று அந்தச் சிங்கள வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

ரெஜினோல்ட் எழுந்தார்.

"ஐயா, ஞாயித்துக்கெழம தெஹியோவிட்ட சந்தையில என்ன பேசுனீங்க?"

கிருஷ்ணராஜ் சிரித்தார். "அது சிங்களத்துல பேசுனதுங்க தலைவரே."

"அதத்தான் கேக்குறேன். கஞ்சா நம்ம நாட்டு மருந்து, நோயாளிக்குக் கெடைக்கச் சட்டம் கொண்டாருவேன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"அது அந்தச் சனத்துக்குச் சொன்னதுங்க."

"அந்தச் சனத்துக்குள்ளதான் நாங்களும் மரக்கறிப் பையோட நின்னோம் மாத்தயா!" என்றாள் பால் வெட்டுகிற ஜீவராணி, சுத்தமான சிங்களத்தில். மடுவமே அதிரச் சிரித்தது.

ரெஜினோல்டுக்கு அந்தச் சிரிப்பு போதையாக ஏறியது.

"சந்தையில ஒரு நாக்கு, தோட்டத்துல ஒரு நாக்கா? ரெண்டு பாஷையிலயும் ஒரே பேச்சா சொல்லிட்டு எறங்குங்க. கஞ்சாவுக்கு நீங்க எதிரியா, கூட்டாளியா?"

கிருஷ்ணராஜ் சனத்தின் முகத்தைப் பார்த்தார். முகங்களெல்லாம் அவருக்கு வாக்குகளாகத்தான் தெரிந்தன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தமிழில் சத்தியம் பண்ணினார். பிறகு சிங்களத்திலும் பண்ணினார். அந்தச் சட்டப் பேச்சை இனி எந்த மேடையிலும் எடுக்கமாட்டாராம். அத்தனையும் பேஸ்புக்கில் நேரடியாகப் போனது.

எதிர்த்து நிற்கும் மயில்வாகனம் போன வாரமே இதே சத்தியத்தைச் செய்துவிட்டார். போதை ஒழிப்பில் அவருக்கு ரொம்ப அக்கறை. பட்டணத்தில் மூன்று பார் வைத்திருக்கிறார்.

சனம் ரெஜினோல்டின் கையைப் பிடித்துக் குலுக்கியது. "தலைவர்னா எங்க தலைவர்தான்!"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்தார். லூர்தம்மா தலையணையில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மைக்கு சத்தம் கேட்டுச்சா லூர்து? ரெண்டு பாஷையிலயும் சத்தியம் வாங்கிட்டேன்!"

"கேட்டுச்சுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சட்டம் வந்தா பயமில்லாம குளிகை செஞ்சு தாரேன்னு வெதமாத்தயா சொன்னாரே. இனி அந்தச் சட்டத்த யாருங்க கொண்டாருவா?"

ரெஜினோல்ட் தலைமாட்டிலிருந்த காலிக் குளிகை டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார்.

"அதுல கஞ்சா இருக்குன்னு தெரிஞ்சேதானே அவருகிட்ட சிங்களத்துல அப்படிக் கெஞ்சுனீங்க? அத ஒரு தடவ தமிழ்லயும் சொல்லியிருக்கலாமேங்க."