அடங்காத அழுகைக்கு ஒரு பெயர்

“நேத்து ராத்திரி யார் பேரைச் சொன்னீங்க?”

“நானா? யார் பேரையும் சொல்லலியே. தூக்கக் கலக்கத்துல ஏதாவது உளறியிருப்பேன்.”

வியாழக்கிழமை காலையில் நடந்த இந்தப் பேச்சை அவினோ மறக்கவில்லை. கணவன் ஒபுரா அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. குழந்தை பிறந்த ஒன்பது வாரத்தில் அன்றுதான் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி எழுந்திருந்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மீனும் களியும் சாப்பிட்டுக் கை கழுவியதுமே ஒபுராவின் அக்கா ரோஸ்லிடா, அழுதுகொண்டிருந்த குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒபுராவைப் பெற்றவர்கள் இறந்த பிறகு அந்த வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம்.

“ராத்திரி பூரா கத்தறாளே, சும்மாவா கத்தறா? செத்துப்போனவங்க யாரோ தன் பேரை வைக்கச் சொல்லிக் கேக்கறாங்க. எந்தப் பேருக்கு அழுகை நிக்குதோ, அதை வெச்சுட்டுப் போவோம்.”

“ராத்திரி எது பகல் எதுன்னு இவளுக்குப் பிடிபடணும்னு கிளினிக்ல, பகல்ல நல்ல வெளிச்சத்துல வைங்க, ராத்திரி விளக்கே போடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க அண்ணி. பாதி ராத்திரி வரைக்கும் நான் பாத்துக்கறேன், அப்புறம் அவர். சமாளிச்சுக்கறோம்.”

“என் தம்பியை ஆயா ஆக்கிட்டதைப் பெருமையா வேற சொல்லு!”

“அவர் பொண்ணைத்தானே தூக்கறார்? பக்கத்து வீட்டுப் பொண்ணையா?”

ரோஸ்லிடா அதைக் காதில் வாங்காமல் குழந்தையின் முகத்தருகே குனிந்தாள். “அகெலோ!” என்றாள். குழந்தை இன்னும் உரக்க அழுதது. “அஜ்வாங்!” என்றாள். கையும் காலும் உதறி, முகம் சிவந்து, வீறிட்டது. பாட்டி, பெரியபாட்டி, சின்ன அத்தை என்று குடும்பத்தில் இறந்த பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு முடித்தாள். ஒருத்தி பெயரைத் தவிர.

அந்த ஒருத்தி ஒபுராவின் முதல் மனைவி. வீட்டின் இடப்பக்கம் அவளுடைய சிமெண்டுக் கல்லறை இருந்தது. அவினோ அங்கே வாழ வந்த நாளிலிருந்து யாரும் அவள் பேச்சை எடுத்ததில்லை.

அவினோ எழுந்து கணவனுக்கு எதிரில் வந்து நின்றாள். “அன்னைக்கு ராத்திரி ஒரு பேர் சொன்னீங்களே, அதை இப்ப உங்க அக்கா முன்னாடி சொல்லுங்க.”

ஒபுரா உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினான். “வேணாம் அவினோ. உள்ள போய்ப் பேசிக்கலாம்.”

“உள்ள பேசினது போதும். இங்கயே சொல்லுங்க.”

“அவினோ...”

“என் பேர் எனக்குத் தெரியும். அந்தப் பேரைச் சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்தான். “அமொண்டி.”

“ஐயோ, வாயை மூடுடா!” ரோஸ்லிடா போட்ட கூச்சலில் குழந்தை அழுததா, நிறுத்தியதா என்றே தெரியவில்லை. “பிள்ளை பெறாமப் போனவ பேரைப் பச்சைக் குழந்தை காதுல போடலாமா? இவளுக்கும் அந்த விதி ஒட்டிக்கும்டா! ஏண்டி, செத்தவ மேலயும் உனக்குப் பொறாமையா? தூக்கத்துல உளறினதுக்கெல்லாம் புருஷனை நிக்க வெச்சுக் கேள்வி கேப்பியா?”

அவினோ குழந்தையை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அவர் உளறலை அண்ணி. நல்லா முழிச்சுக்கிட்டு, இவளை இதே மாதிரி தோள்ல போட்டுக்கிட்டு, காதுல சொன்னார். இவ அடங்கினா. நானும் தூங்கினேன்.”

ஒபுரா திடுக்கிட்டு நிமிர்ந்தான். ரோஸ்லிடா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவினோ விடவில்லை.

“ஒன்பது வாரமா இவர் என்கிட்டயும் கேக்க பயந்தார், உங்ககிட்டயும் கேக்க பயந்தார். நான் கேக்கறேன். என் பொண்ணுக்கு அமொண்டின்னே பேர் வைங்க!”